சீசன் இல்லாத மாதங்களில் ஜப்பானிய மலை நகரம்: கருயிசாவாவா, குசாட்சுவா, ஹகுபாவா?

ஜப்பானுக்குப் போக விடுப்பும் விமானச் சீட்டும் ஒருவழியாக அமைந்துவிடும். ஆனால் அமைந்த தேதி செர்ரி பூக்கும் நாட்களிலும் சேராமல், இலை சிவக்கும் நாட்களிலும் சேராமல், பனிச்சறுக்குக் காலத்திலும் சேராமல் நடுவில் எங்காவது விழுந்திருக்கும். டோக்கியோவும் கியோட்டோவும் எந்த மாதத்திலும் ஏமாற்றாத ஊர்கள் என்பதால் அவற்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மலையூர் ஒன்றில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குத்தான் குழப்பம். அப்படிக் குழம்புகிறவர்களின் பட்டியலில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கின்றன: நாகானோ மாகாணத்தின் கருயிசாவா, அதற்கு வடக்கே குன்மா மாகாணத்திலுள்ள குசாட்சு, நாகானோவின் வடமேற்கு மூலையிலுள்ள ஹகுபா. இவற்றில் எதை, எந்த மாதத்துக்குத் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

## சீசன் இல்லாத காலம் என்பது எது?

மூன்று ஊருக்கும் பொதுவாக ஒரே காலத்தைச் சொல்லிவிட முடியாது. கருயிசாவா கோடைவாசத்துக்கென்றே வளர்ந்த ஊர். அதற்கு ஜனவரியும் பிப்ரவரியும் வெறிச்சோடிய மாதங்கள். அதே ஜனவரியில் ஹகுபாவில் அறை கிடைப்பதே அரிது. ஆகவே எந்த ஊர் என்ற கேள்வியையும் எந்த மாதம் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பொதுவாகக் கூட்டம் குறையும் இடைவெளிகள் மூன்று. இலைகள் உதிர்ந்து, பனி இன்னும் நிலைக்காத நவம்பர் பின்பாதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரையிலான காலம் முதலாவது. பனி உருகத் தொடங்கிப் பச்சை இன்னும் தலைகாட்டாத ஏப்ரல் முற்பாதி இரண்டாவது. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதியைத் தாண்டியும் நீளும் மழைக்காலம் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் வெளியே, ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரையுள்ள தொடர்விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விழா, ஆண்டிறுதி முதல் ஜனவரி 3 வரையுள்ள புத்தாண்டு விடுமுறை ஆகியவற்றில் எந்த மலையூருக்கும் போகாமல் இருப்பதே நல்லது. திங்கட்கிழமையும் விடுமுறையாகிவிடும் மூன்று நாள் வார இறுதிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சில மலைத்தலங்கள் சீசன் முடிந்ததும் உறங்கப் போவதோடு நிற்பதில்லை, கதவையே சாத்திவிடுகின்றன. காமிகோச்சிப் பள்ளத்தாக்கு நவம்பர் நடுவில் மூடப்பட்டால் ஏப்ரல் நடுவில்தான் திறக்கும். தத்தேயாமா மலைத்தடமும் டிசம்பரிலிருந்து ஏறத்தாழ அதே காலம் வரை இயங்காது. இவை இந்த ஒப்பீட்டில் இடம்பெறாததற்குக் காரணம் அதுதான்.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது?

என்னைப் பொறுத்தவரை முதல் அளவுகோல் ஒன்றே. அந்த ஊரின் சீசனை எடுத்துவிட்டால் அங்கே மிச்சம் என்ன இருக்கிறது? பயண ஏடுகள் ஊரின் உச்ச நாட்களைப் படம் பிடித்துக் காட்டுகின்றன. நாம் போகும் நாளில் அந்தப் படத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதைக் கணக்கிடாமல் முன்பதிவு செய்தால், விடுதிக் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் வீணாகும்.

அடுத்தது, கார் ஓட்டாமல் போய்வர முடியுமா என்பது. டிசம்பரில் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மலைப் பேருந்துகளின் எண்ணிக்கையும் அப்போது குறையும். மூன்றாவது சாப்பாடு, குறிப்பாக இரவுச் சாப்பாடு. அசைவம் உண்பவர்களுக்கே உணவகம் மூடிய ஊர் சிரமந்தான். சைவர்களுக்கு அது பட்டினி. கடைசியாக, விளம்பரத்தில் தெரியாத செலவுகள்.

## கருயிசாவா: போவது எளிது, கடைத்தெரு தூங்கும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 950 மீட்டர் உயரத்தில், ஆசாமா எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது கருயிசாவா. கனடாவில் பிறந்த மதப்போதகர் அலெக்சாண்டர் கிராஃப்ட் ஷா 1886இல் இங்கே வந்து, தட்பவெப்பம் பிடித்துப்போய் இரண்டாண்டு கழித்துக் கோடைக்கால வீடு அமைத்துக்கொண்டார். அவர் வழியே மற்ற வெளிநாட்டவரும் பின்னர் டோக்கியோவின் செல்வர்களும் வந்தனர். பிற்காலத்தில் பேரரசராகிய இளவரசர் அகிஹிதோ 1957இல் தம் வருங்கால மனைவியைச் சந்தித்தது இவ்வூர் டென்னிஸ் திடலில்தான். இந்த வரலாறு முழுவதும் கோடைக்கு உரியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர் கட்டப்பட்டதே ஆகஸ்ட் மாதத்துக்காக.

அதனால் குளிர்காலத்தில் பழைய கருயிசாவாவின் கடைத்தெருவில் நடந்தால் இரும்புக் கதவுகளையே அதிகம் பார்க்க நேரும். ஜாம் கடை ஒன்று, ரொட்டிக் கடை ஒன்று திறந்திருக்கும். அடுத்தடுத்த கடைகளில் வசந்தத்தில் மீண்டும் திறப்பதாக அறிவிப்பு ஒட்டியிருக்கும். வாடகை மிதிவண்டிகளையும் உள்ளே வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஜனவரியில் இரவு வெப்பநிலை சராசரியாகவே பூஜ்யத்துக்கு 8 பாகை கீழே போகும். ஆனால் பனிப்பொழிவு குறைவு. வெண்பனி மூடிய ஊரை எதிர்பார்த்து வருகிறவர்கள், காய்ந்த புல்லையும் உறைந்த மண்ணையும் கண்டு ஏமாறுவது இதனால்தான்.

இருந்தும் இந்த ஊருக்கு மற்ற இரண்டுக்கும் இல்லாத ஒரு பலம் உண்டு. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி 1997 அக்டோபரில் திறக்கப்பட்ட ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் ஊருக்குள்ளேயே நிற்கிறது. டோக்கியோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 6,000 யென். வானிலை கெட்டால் அன்றைக்கே திரும்பிவிடலாம் என்பது சீசன் இல்லாத காலத்தில் சிறிய வசதி அல்ல. நிலையத்தின் தெற்குப் பக்கத்திலுள்ள பெரிய தள்ளுபடி விற்பனை வளாகம் குளிர்காலத்திலும் இயங்குகிறது. அதையடுத்த பனிச்சறுக்குத் திடல் செயற்கைப் பனியைக் கொண்டு நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தைகள் முதன்முறையாகப் பனியைத் தொட்டு விளையாட அது போதும்.

குளிர்காலக் கருயிசாவாவை நான் பரிந்துரைப்பது வேறு ஒரு காரணத்துக்காக. இலையுதிர்ந்த காடு ஊடுருவிப் பார்க்க இடம் தரும். ஊருக்கு மேற்கிலுள்ள காட்டுப் பறவைகள் வனத்தில், கோடையில் குரல் மட்டும் கேட்கும் பறவைகளை அப்போது கண்ணாலேயே காணலாம். தெளிந்த காலைகளில் 2,568 மீட்டர் உயர ஆசாமா உச்சியில் பனி படிந்து நிற்பது ஊரின் பல இடங்களிலிருந்து தெரியும். 70 மீட்டர் அகலத்தில் மூன்றே மீட்டர் உயரத்திலிருந்து நூல் நூலாக விழும் ஷிராயிதோ அருவி நிலத்தடி நீரால் பாய்வது என்பதால் குளிர்காலத்திலும் வற்றுவதில்லை. டிசம்பர் தொடக்கம் வரையிலும் கரடிகள் நடமாடக்கூடும் என்பதால் மாலை நேரத்தில் காட்டுத் தடங்களில் தனியாகப் போகக் கூடாது. ஆளரவம் குறைவதால் இந்த எச்சரிக்கை அப்போது இன்னும் முக்கியமாகிறது.

ஜூன் மாதக் கருயிசாவா வேறு முகம் காட்டும். கடைகள் திறந்திருக்கும், பாசி பிடித்த தோட்டச் சுவர்கள் பளபளக்கும், ஆனால் மூடுபனி நாள் கணக்கில் விலகாமல் நிற்கலாம். எரிமலையைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அந்த மாதம் வேண்டாம்.

## குசாட்சு: போவது சிரமம், வெந்நீருக்கு ஓய்வில்லை

1,200 மீட்டர் உயரத்திலுள்ள குசாட்சுவின் முதலீடு பூமிக்கடியில் இருக்கிறது. நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் இயற்கையாகப் பொங்கும் வெந்நீர் ஊற்றுகளுக்கு மாதமும் பருவமும் கிடையாது. ஆகவே நான் சொன்ன முதல் அளவுகோலில் குசாட்சு கிட்டத்தட்ட எதையும் இழப்பதில்லை. சொல்லப்போனால், குளிரும் மழையும் அந்த நீரின் அருமையைக் கூட்டித்தான் காட்டுகின்றன.

ஊரின் நடுவே யுபதாகே என்னும் ஊற்றுத் திடல். பொங்கிவரும் நீர் வரிசையாக அமைந்த நீண்ட மரத் தொட்டிகளின் வழியே ஓடிச் சூடு ஆறுகிறது; தொட்டிகளின் ஓரத்தில் கந்தகப் படிவு மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டியிருக்கும். கோடையில் அங்கே ஆவி மெலிதாகவே தெரியும். டிசம்பர் இரவிலோ காற்று திரும்பும் பக்கமெல்லாம் ஆவி புரண்டு, எதிரில் நிற்பவர் ஒரு கணம் மறைந்து மீண்டும் தெரிவார். இதைக் காணக் கட்டணமில்லை.

நீரின் பி.எச். அளவு 2ஐ ஒட்டியது, எலுமிச்சைச் சாற்றுக்கு நிகரான புளிப்பு. ஊற்று நீரில் தண்ணீர் கலந்தால் அதன் தன்மை போய்விடும் என்பதால், நீண்ட பலகைகளால் கிளறியே சூட்டைத் தணிக்கும் முறை இங்கே உருவானது. இப்போது அது யுபதாகே அருகிலுள்ள அரங்கில் பாட்டுடன் நிகழ்ச்சியாக நடத்தப்படுகிறது. கூரைக்குள் நடப்பதால் மழையோ பனியோ அதைத் தடுப்பதில்லை. மெய்ஜி காலத்தில் (1868–1912) டோக்கியோவில் மருத்துவம் கற்பித்த ஜெர்மானியர் எர்வின் பேல்ஸ் இந்த நீரின் சிறப்பை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர்.

இவ்வளவு புளித்த நீர் வெளியேறும் ஆற்றில் மீன் வாழாது, கான்கிரீட் பாலங்கூட அரிக்கும். அதற்காக 1964 முதல் ஆற்றில் இடைவிடாமல் சுண்ணாம்புக் கரைசல் கலக்கப்படுகிறது. பயண ஏடுகள் அதிகம் பேசாத இடம் இன்னொன்றும் உண்டு. தொழுநோயாளிகளை அடைத்துவைப்பதற்காக 1932இல் அமைந்த குரியு ராகுசென்-என் என்ற காப்பகமும், அங்கிருந்த தண்டனை அறையை நினைவுகூரும் காட்சிக்கூடமும் ஊரின் ஓரத்திலேயே இருக்கின்றன. வெந்நீருக்காகவே வந்து குடியேறிய நோயாளிகளின் கதை அது. குளியலுக்கு இடையே ஒரு பகலை அங்கே செலவிடுவதில் தவறில்லை. குளிர்காலத்தில் அதன் திறப்பு நேரங்கள் மாறும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷிராஹதா-நோ-யு போன்ற மூன்று பொதுக் குளியல் இல்லங்களில் வெளியூராருக்கும் கட்டணமில்லை. அங்கே ஷவர் கிடையாது. உடை வைக்கும் அலமாரியும் குளியல் தொட்டியும் ஏறத்தாழ ஒரே அறையில். ஆணும் பெண்ணும் தனித்தனிப் பகுதிகளில், உடையின்றித்தான் இறங்க வேண்டும். இது கூச்சமாக இருப்பவர்கள், நேரம் குறித்துக் குடும்பமாகப் பயன்படுத்தும் தனிக்குளியல் அறை உள்ள விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்யலாம். கூட்டமில்லாத நாட்களில் அந்த அறை எளிதில் கிடைக்கும். வெள்ளி மெட்டியையும் கொலுசையும் கழற்றி அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது, கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். நீர் மிகச் சூடு. முதல் முறை மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

குறை என்னவென்றால் வழி. குசாட்சுவுக்கு ரயில் கிடையாது. டோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பயணம் செய்து நாகானோஹாரா-குசாட்சுகுச்சியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் அரை மணி. டோக்கியோவின் ஷிஞ்சுகுவிலிருந்து நேரடிப் பேருந்தும் உண்டு, அதற்கு நான்கு மணி நேரம். இன்னொரு வழி கருயிசாவாவிலிருந்து மலைப் பேருந்து; ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். 1962இல் முழுவதுமாக மூடப்படும் முன்பு, இதே இரு ஊர்களுக்கிடையே 55 கி.மீ. நீளத்துக்குக் குறுகிய தண்டவாளத்தில் ஒரு ரயில் ஓடிய காலம் இருந்தது என்பதை அறியும்போது சற்று ஏக்கமாகத்தான் இருக்கிறது. குசாட்சுவைத் தாண்டி ஷிகா மேட்டுநிலத்துக்குப் போகும் 292ஆம் எண் சாலை நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் பின்பாதி வரை மூடியிருக்கும். எனவே வந்த பக்கமாகவே திரும்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: குசாட்சுவில் உண்மையான ஓய்வுக் காலம் என்று ஒன்று இல்லை. பல்கலைக்கழக விடுமுறையான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மாணவர் கூட்டம் அலைமோதும். சனிக்கிழமைகளில் எந்த மாதமும் விதிவிலக்கல்ல. டிசம்பர் முற்பாதியிலோ ஏப்ரலிலோ ஜூனிலோ, ஞாயிறு முதல் வியாழன் வரை என்று பார்த்துப் போனால்தான் மலிவும் அமைதியும் சேர்ந்து கிடைக்கும்.

## ஹகுபா: மாதம் தவறினால் ஊரே இல்லை

1998 ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குத் தாவுதளம் அமைந்த ஹகுபாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை போகாதீர்கள். மலைமேல் ஏற்றும் கம்பிவண்டிகள் நின்றிருக்கும். பனிக்காலத்துக்கு மட்டுமே திறக்கும் வெளிநாட்டவர் உணவகங்கள் இன்னும் திறந்திருக்காது. இலவசமாகக் கிடைப்பது சேறும் மேகமும். அறை வாடகை பாதியாகத் தெரிவதற்குக் காரணம் அதுவே.

ஏப்ரல் முற்பாதி அப்படியல்ல. ஊரில் பனி உருகிவிட்டாலும் ஹப்போ-ஒனே சரிவின் மேற்பகுதியில் மே தொடக்கம் வரை சறுக்கு நடக்கும். அதற்குள் பெருங்கூட்டம் போயிருக்கும். ஜூன் இன்னொரு வாய்ப்பு. கம்பிவண்டியும், இருக்கையில் அமர்ந்து ஏறும் தூக்கிகள் இரண்டும் மாறி 1,830 மீட்டர் வரை ஏறி, அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் 2,060 மீட்டரிலுள்ள ஹப்போ குளம். ஜூனில் தடத்தில் பனி எஞ்சியிருக்கும். குளமே பனிக்குள் பாதி கிடக்கலாம். மேகம் விலகினால் மூன்று ஹகுபா சிகரங்களும் எதிரே நிற்கும், விலகாவிட்டால் வெண்திரை மட்டுந்தான். ஒரே ஒரு நாளை மட்டும் ஒதுக்கி வருகிறவர்கள் இந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம். இங்கும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு, பி.எச். 11ஐத் தாண்டும் காரநீர், குசாட்சுவுக்கு நேர் எதிர்.

வழி: ஷின்கான்செனில் நாகானோ வரை, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்து. மொத்தம் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | கருயிசாவா | குசாட்சு | ஹகுபா |
|---|---|---|---|
| டோக்கியோவிலிருந்து | ஒன்றேகால் மணிக்குள், நேரடி ரயில் | மூன்று மணிக்கு மேல், ரயிலும் பேருந்தும் | மூன்று மணி, ரயிலும் பேருந்தும் |
| நவ. பின்பாதி – டிச. நடு | கடைத்தெரு மந்தம். ஒரு நாளுக்குப் போதும் | மிகப் பொருத்தம், வாரநாளில் | வேண்டாம் |
| ஜனவரி – பிப்ரவரி | வெறிச்சோடிய அமைதி, கடுங்குளிர் | பனியோடு குளியல். மலிவு அல்ல | உச்ச சீசன் |
| ஏப்ரல் முற்பாதி | காய்ந்த நிலம் | பொருத்தம் | சறுக்குவோருக்கு மட்டும் |
| ஜூன் – ஜூலை நடு | மூடுபனி, திறந்த கடைகள் | பொருத்தம் | நாள் கைவசம் இருந்தால் |
| சைவ உணவு | சமாளிக்கலாம் | முன்பே பேச வேண்டும் | சீசன் அல்லாதபோது கடினம் |

## மலிவுக்குப் பின்னால் உள்ள செலவுகள்

மரபான ரியோகான் விடுதிகளின் கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரவு உணவும் காலை உணவும் அதில் அடங்கும். நகர விடுதியோடு ஒப்பிட்டுத் திகைப்பவர்கள், சீசன் இல்லாத காலத்தில் வெளியே உணவகங்கள் மூடியிருக்கும்போது அந்த இரண்டு வேளைச் சாப்பாடே பெரும் ஆதாயம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் தனியாகப் போகிறவர்களைச் சில விடுதிகள் ஏற்பதில்லை, ஏற்பவை கூடுதலாக வாங்கும். வெந்நீர் ஊற்று விடுதிகளில் ஆளுக்கு 150 யென் அளவில் குளியல் வரி தனியாக வரும். அது பெரிய தொகையன்று.

சைவர்கள் கவனிக்க வேண்டியது, காய்கறிச் சாறு போலத் தோன்றும் பெரும்பாலான குழம்புகளுக்கு அடிப்படை உலர்ந்த போனிட்டோ மீன் வடிநீர் என்பதே. சோபா நூடுல்ஸ் தோய்க்கும் சாற்றிலும் அது உண்டு. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்து சேரும். மீன் வடிநீரும் வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்து, முடியும் என்ற பதில் வந்த பிறகு பணம் கட்டுவதே முறை. கருயிசாவாவில் ரொட்டியும் ஜாமும், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பெரிய பல்பொருள் அங்காடியும் கைகொடுக்கும். குசாட்சுவின் தெருக்களில் ஆவி பறக்க விற்கும், இனிப்புப் பயறு பூரணம் வைத்த மஞ்சு என்னும் பலகாரம் பசியைத் தற்காலிகமாக ஆற்றும், அவ்வளவுதான்.

டிசம்பருக்குப் பின் காரை வாடகைக்கு எடுப்பதானால் பனிக்கால டயர் பொருத்தியிருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பனிச் சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் அந்த எண்ணத்தையே விட்டுவிடலாம். பெரிய பெட்டிகளை டோக்கியோ விடுதியிலிருந்து அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கும் சேவைக்குப் பெட்டிக்குச் சில ஆயிரம் யென் ஆகும். மலைப் பேருந்தில் பெட்டியோடு ஏறி இறங்குவதைவிட அது மேல். ஆசாமா, குசாட்சு-ஷிரானே இரண்டுமே உயிருள்ள எரிமலைகள். 2018 ஜனவரியில் குசாட்சுவின் சறுக்குத் திடலருகே எதிர்பாராமல் வெடிப்பு நிகழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். வானிலை ஆய்வு மையம் வெளியிடும் ஐந்து படி எச்சரிக்கை அளவைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்வதும், ரத்துக் கட்டணம் இல்லாத பதிவைத் தேர்வதும் இதனால் அவசியமாகின்றன.

## யாருக்கு எது?

முதல் முறை ஜப்பான் போகிறவர்களுக்கு, கையில் இரண்டு இரவு இருந்தால், மாதம் எதுவானாலும் குசாட்சு என்பதே என் தீர்ப்பு. வயதான பெற்றோருடனோ கைக்குழந்தையுடனோ போகிறவர்களுக்கும், ஒரே பகல் மட்டும் கைவசம் உள்ளவர்களுக்கும் கருயிசாவா. ஜூனில் மலையேறவோ ஏப்ரலில் சறுக்கவோ தீர்மானித்தவர்களுக்கு மட்டும் ஹகுபா, அதுவும் குறைந்தது மூன்று நாள் இருந்தால். இருவேறு விருப்பம் உள்ள குடும்பத்துக்கு, காலையில் கருயிசாவாவில் இறங்கி ஊரைச் சுற்றிவிட்டு மதியப் பேருந்தில் குசாட்சு போய், இரண்டாம் நாள் விரைவு ரயிலில் டோக்கியோ திரும்பும் வட்டப் பயணம் நன்றாகப் பொருந்தும். அன்றைய கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை அறிந்த பிறகே கருயிசாவாவில் கடைகளுக்குள் நுழைய வேண்டும்.

நவம்பர் இறுதிக்கு ஹகுபாவில் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள், ரத்து செய்ய முடிந்தால் செய்துவிட்டு நாகானோ நகரிலேயே தங்கலாம். அங்கே ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஸென்கோஜி ஆலயத்தைச் சுற்றி யாத்ரீகர் தங்கும் மடங்கள் இருக்கின்றன. புத்தத் துறவிகளின் மரக்கறி உணவை அவை பரிமாறுகின்றன. விடியற்காலை வழிபாட்டிலும் தங்குவோர் கலந்துகொள்ளலாம். சைவர்களுக்கு மேலே சொன்ன மூன்று ஊர்களையும்விட அதுவே சுலபமான இரவாக இருக்கக்கூடும்.